ஸ்லே த ஸ்பயர்: கோபுரத்தில் முதல்முறை ஏறுபவர்களுக்கு

கார்டுகளை வைத்து எதிரிகளோடு சண்டை போட்டுக் கோபுரம் ஏறும் வீடியோ கேம் ஸ்லே த ஸ்பயர். அதை ஆடத் தொடங்கும் பலர் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தோற்கிறார்கள். கிடைக்கும் கார்டையெல்லாம் எடுத்துச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு டர்னிலும் முடிந்த மட்டும் தடுத்துக்கொண்டே ஆடுகிறார்கள். கோபுரத்தின் இரண்டாம் பகுதியான இரண்டாம் ஆக்டின் பாதியில் செத்துப்போகிறார்கள். அப்புறம், "எல்லாம் கார்டு விழுவதைப் பொறுத்தது" என்று கேமை மூடிவிடுகிறார்கள். கார்டு விழுவதில் அதிர்ஷ்டம் உண்டுதான். ஆனாலும் நன்றாக ஆடுபவர்கள் இந்தக் கோபுரத்தைத் தொடர்ச்சியாகப் பலமுறை ஏறி முடிக்கிறார்கள் என்றால், அதிர்ஷ்டத்தை மீறிய ஏதோ ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது.

அது மந்திரம் எதுவும் இல்லை. இந்த கேம் உங்களிடம் பெரும்பாலும் எதையும் மறைப்பதில்லை. எதிரி இந்த டர்னில் எவ்வளவு அடிக்கப் போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே தெரியும். இன்னும் இழுக்காத கார்டுகள் எவை என்று பார்க்கலாம். இந்த ஆக்டின் முடிவில் எந்த பாஸ், அதாவது பெரிய எதிரி, காத்திருக்கிறான் என்பதை முதல் அடி வைக்கும் முன்பே மேப் காட்டிவிடும். இவற்றைப் படித்துவிட்டு, "அடுத்து வரப்போகும் சண்டைக்கு என்னிடம் என்ன இல்லை?" என்று ஒவ்வொரு முடிவிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு கேள்வியை எங்கெங்கே எப்படிக் கேட்பது என்பதுதான்.

கேமைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆண்டனி ஜியோவனெட்டி, கேசி யானோ என்ற இருவர் தொடங்கிய மெகா கிரிட் என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. 2017 நவம்பரில் முழுமை பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது, 2019 ஜனவரியில் முழுமையாக வெளியானது. இப்போது கணினி, கன்சோல், ஐபோன், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஆடலாம். 1980இல் வந்த ரோக் என்ற கேமின் வழியில் வந்த வகை என்பதால், செத்தால் செத்ததுதான். சேர்த்த கார்டு, காசு எல்லாம் போய்விடும். அடுத்த முறை மேப்பும் எதிரிகளும் வேறு. ஒருமுறை ஏறி முடிப்பதையோ செத்து விழுவதையோ ஒரு ரன் என்பார்கள். ஒரு முழு ரன் ஒரு மணி நேரத்துக்கு மேலேகூடப் போகும், ஆனால் நடுவில் சேமித்துவிட்டு எழுந்து போகலாம். ஃபோனில் எழுத்து சிறியதாகத்தான் தெரியும். முதல் சில ரன்களையாவது கணினியிலோ டேப்லெட்டிலோ ஆடினால் கார்டுகளைப் படிப்பது சுலபம்.

முதலில் அயன்கிளாட்

தொடக்கத்தில் ஒரே ஒரு வீரன்தான் திறந்திருப்பான், அவன் பெயர் அயன்கிளாட். கற்றுக்கொள்ள அவனைவிடப் பொறுமையான ஆசான் கிடையாது. ஹெல்த் 80. கையில் பர்னிங் பிளட் என்ற ரெலிக். ரெலிக் என்றால் ரன் முழுக்கக் கூடவே இருந்து உதவும் பொருள். பர்னிங் பிளட் ஒவ்வொரு சண்டை முடிவிலும் 6 ஹெல்த் திருப்பித் தரும். அதாவது ஒவ்வொரு சண்டையிலும் 6 ஹெல்த் வரை இழப்பது இலவசம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே வேலைக்கு வரும்.

அவனுடைய டெக்கில், அதாவது கார்டுக் கட்டில், பத்து கார்டுகள். ஐந்து ஸ்ட்ரைக், ஒவ்வொன்றும் 6 அடி, அதாவது எதிரியின் ஹெல்த்தில் 6 குறையும். நான்கு டிஃபெண்ட், ஒவ்வொன்றும் 5 பிளாக், அதாவது வரும் அடியில் 5ஐத் தடுக்கும். ஒரு பாஷ், 8 அடி அடித்து எதிரிக்கு 2 டர்ன் வல்னரபிள் போடும். வல்னரபிள் ஆனவன் மேல் விழும் அட்டாக் அடி ஒன்றரை மடங்காகும். கார்டு போட எனர்ஜி செலவாகும், பாஷுக்கு 2, மற்றவற்றுக்கு 1.

ரன் தொடங்கும்போது நியோ என்ற திமிங்கிலம் போன்ற உருவம் உங்களுக்கு ஏதாவது வரம் தரும். முதல் ரன்களில் தேர்வுகள் குறைவு. ஒரு ரனில் முதல் பாஸ் வரை போய்விட்டால் அடுத்த ரனில் நான்கு தேர்வுகள் வரும். அவற்றில் உங்கள் தொடக்க ரெலிக்கைக் கொடுத்துவிட்டு ஏதோ ஒரு பாஸ் ரெலிக்கை வாங்கும் தேர்வும் ஒன்று. பழகும் வரை அதைத் தொட வேண்டாம். ஒரு கார்டை நீக்குவது, ஒரு சாதாரண ரெலிக், கொஞ்சம் காசு, இவற்றில் எதை எடுத்தாலும் தப்பாகாது.

ஒரு டர்னைப் படிப்பது

ஒவ்வொரு டர்னிலும் ஐந்து கார்டு இழுப்பீர்கள், 3 எனர்ஜி கிடைக்கும். மிச்சக் கார்டுகள் டர்ன் முடிவில் கழிவுக் குவியலுக்குப் போகும். இழுக்கும் குவியல் தீர்ந்தால் கழிவைக் கலைத்து மறுபடி இழுக்கும். உங்கள் பிளாக் அடுத்த டர்ன் தொடக்கத்தில் காணாமல் போய்விடும், சேர்த்து வைக்க முடியாது. எனவே எதிரி அடிக்காத டர்னில் பிளாக் போடுவது எனர்ஜியைக் கீழே கொட்டுவதுதான்.

எதிரியின் தலைக்கு மேலே பாருங்கள். வாளும் எண்ணும் இருந்தால் அவ்வளவு அடி வரும். கேடயம் என்றால் தற்காத்துக்கொள்ளப் போகிறான். மேல்நோக்கிய அம்புக்குறி போல் ஏதாவது இருந்தால் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளப் போகிறான். எந்தச் சின்னத்தின் மேலும் மவுஸை வைத்தால் விளக்கம் வரும். புரியாத ஒவ்வொரு சின்னத்தையும் படியுங்கள், நேரம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். முதல் ஆக்டில் ஜா வோர்ம் என்ற எதிரி அடிக்கடி வருவான். ஹெல்த் 40 முதல் 44 வரை. முதல் டர்னில் எப்போதும் 11 அடி கடிப்பான். உங்கள் கையில் இரண்டு ஸ்ட்ரைக், இரண்டு டிஃபெண்ட், ஒரு பாஷ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பயந்து ஆடுபவர் இரண்டு டிஃபெண்ட், ஒரு ஸ்ட்ரைக் போடுவார். 10 பிளாக், வாங்குவது வெறும் 1 அடி. எதிரிக்கு விழுந்ததும் 6 தான். அடுத்த டர்னில் அவன் பலத்தைக் கூட்டிக்கொள்ளக்கூடும், அதற்குப் பிறகு ஒவ்வொரு கடியும் கனக்கும். சண்டை நான்கைந்து டர்ன் இழுக்கும்.

இப்போது இன்னொரு வழி. முதலில் பாஷ், 8 அடி, அவன் வல்னரபிள். அப்புறம் ஸ்ட்ரைக், 6 ஒன்றரை மடங்காகி 9. மொத்தம் 17. நீங்கள் 11 அடி முழுதாக வாங்குகிறீர்கள். அடுத்த டர்னில் என்ன வரும்? உங்கள் டெக்கில் இருந்ததே பத்து கார்டு, ஐந்து போய்விட்டது. மீதி மூன்று ஸ்ட்ரைக், இரண்டு டிஃபெண்ட். இதில் சந்தேகமே இல்லை. வல்னரபிள் இன்னும் இருக்கிறது. மூன்று ஸ்ட்ரைக், 27 அடி. 17உம் 27உம் 44. ஜா வோர்மின் ஹெல்த் உச்சபட்சமாகவே 44 தான் என்பதால் இரண்டாம் டர்னிலேயே அவன் செத்துவிட்டான். நீங்கள் வாங்கியது 11, சண்டை முடிந்ததும் பர்னிங் பிளட் 6 திருப்பித் தருகிறது. நிகர நஷ்டம் 5.

இந்த கேமின் ருசி இங்கேதான் இருக்கிறது. அடுத்த டர்னில் என்ன இழுக்கப் போகிறீர்கள் என்று கணக்குப் போட முடிந்தது, எதிரியின் நோக்கம் தெரிந்தது, ஹெல்த்தைக் கொஞ்சம் செலவழித்து நேரத்தை வாங்கினீர்கள். செத்த எதிரி அடிக்க மாட்டான், அதைவிட நல்ல தடுப்பு கிடையாது. இதற்கு அர்த்தம் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. 30 அடி வரும் டர்னில் பிளாக்தான் போட வேண்டும். ஒவ்வொரு டர்னிலும் கூட்டல் கழித்தலைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள், பயத்தினால் முடிவெடுக்காதீர்கள்.

வரிசையும் முக்கியம். பாஷுக்கு முன் ஸ்ட்ரைக்கைப் போட்டிருந்தால் 3 அடி வீண். கார்டு இழுத்துத் தரும் கார்டுகளைப் பெரும்பாலும் முதலில் போடுங்கள், புதிதாக வரும் கார்டைப் பார்த்துவிட்டு மீதி எனர்ஜியைத் திட்டமிடலாம்.

எந்தக் கார்டை எடுப்பது

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூன்று கார்டு காட்டுவார்கள். ஒன்றை எடுக்கலாம், எதையும் எடுக்காமலும் போகலாம். புதிதாக ஆடுபவர்கள் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்தத் திரையில்தான்.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். பத்து கார்டு டெக்கில் ஒவ்வொரு கார்டும் இரண்டு டர்னுக்கு ஒருமுறை கைக்கு வரும். முப்பது கார்டு ஆகிவிட்டால் ஆறு டர்னுக்கு ஒருமுறைதான். பல சண்டைகள் ஆறு டர்னுக்குள் முடிந்துவிடும். உங்களுடைய மிகச் சிறந்த கார்டு அந்தச் சண்டையில் கையிலேயே வராமல் போகலாம். அதனால் சுமாரான கார்டைச் சேர்ப்பது இலவசம் இல்லை, நல்ல கார்டைத் தள்ளிப்போடும் விலையைக் கொடுத்துத்தான் சேர்க்கிறீர்கள். "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று எந்தக் கார்டையும் எடுக்காதீர்கள்.

அதே சமயம், "டெக் சின்னதாக இருக்க வேண்டும்" என்று படித்துவிட்டு முதல் ஆக்டிலேயே எல்லாவற்றையும் தவிர்ப்பவர்களும் உண்டு. அதுவும் ஆபத்து. தொடக்க டெக் பலவீனமானது. மூன்று ஸ்ட்ரைக் போட்டால் ஒரு டர்னில் 18 அடி, அவ்வளவுதான். சீக்கிரமே 80க்கு மேல் ஹெல்த் உள்ள எலைட், அதாவது சாதாரண எதிரியைவிட வலுவானவன், வருவான், 140 முதல் 250 வரை ஹெல்த் உள்ள பாஸ் வருவான். ஆகவே முதல் ஐந்தாறு மாடிகளில் நல்ல அட்டாக் கார்டுகள் இரண்டு மூன்றையாவது எடுத்துவிடுங்கள். அயன்கிளாடுக்கு பாமல் ஸ்ட்ரைக் வந்தால் தயங்க வேண்டாம், 9 அடியோடு ஒரு கார்டும் இழுத்துத் தரும். கார்னேஜ் 2 எனர்ஜிக்கு 20 அடி, முதல் ஆக்டில் பெரிய உதவி. இம்மொலேட் எல்லா எதிரிகள் மேலும் 21 அடி. எரியும் கார்டு ஒன்றை உங்கள் டெக்கில் தற்காலிகமாகச் சேர்க்கும் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

அட்டாக் ஓரளவு சேர்ந்ததும் கேள்வி மாறும். பல எதிரிகள் சேர்ந்து வந்தால் என்ன செய்வேன்? கிளீவ், விர்ல்விண்ட் போல எல்லாரையும் அடிக்கும் கார்டு ஒன்றாவது இருக்கிறதா? பெரிய அடி வந்தால் தாங்க என்ன இருக்கிறது? ஷ்ரக் இட் ஆஃப் 8 பிளாக்கும் ஒரு கார்டும் தரும், இரண்டு மூன்று வைத்திருந்தாலும் சுமையாகாது. பாஸோடு சண்டை நீளும்போது என் அடி வளருமா? இன்ஃபிளேம் போட்டால் 2 ஸ்ட்ரெங்த், அந்தச் சண்டை முழுக்க ஒவ்வொரு அடிக்கும் 2 கூடும். டீமன் ஃபார்ம் ஒவ்வொரு டர்னும் 2 ஸ்ட்ரெங்த் தரும், ஆனால் போட 3 எனர்ஜி, ஒரு டர்ன் முழுதாகப் போய்விடும். சின்னச் சண்டையில் அது சுமை, நீண்ட பாஸ் சண்டையில் அதுவே காப்பாற்றும்.

கனவு டெக் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கார்டு எடுக்க வேண்டாம். லிமிட் பிரேக் உங்களிடம் உள்ள ஸ்ட்ரெங்த்தை இரட்டிப்பாக்கும். பார்த்ததும் ஆசையாக இருக்கும். ஆனால் கையில் ஸ்ட்ரெங்த் தரும் கார்டு ஒன்றும் இல்லாதபோது பூஜ்யத்தை இரட்டித்தாலும் பூஜ்யம்தான். "பின்னால் இன்ஃபிளேம் வரும்" என்று நம்பி எடுத்தால், அது வராமலே நீங்கள் செத்துப்போகலாம். பாடி ஸ்லாமும் அப்படித்தான். உங்கள் பிளாக் எவ்வளவோ அவ்வளவு அடி அடிக்கும். பிளாக் போட நல்ல கார்டுகள் ஏற்கெனவே இருந்தால் அருமை, இல்லாவிட்டால் வெறும் 5 அடி.

சில சமயம் கார்டுகள் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். பவர் என்பது போட்டால் அந்தச் சண்டை முழுக்க வேலை செய்யும் கார்டு, ஸ்கில் என்பது டிஃபெண்ட் போல நேரடியாக அடிக்காத கார்டு. கரப்ஷன் என்ற பவரைப் போட்டால் ஸ்கில் கார்டுகள் எல்லாம் இலவசம், ஆனால் ஒவ்வொன்றும் ஒருமுறையோடு அந்தச் சண்டையிலிருந்தே நீங்கிவிடும். இது நஷ்டம் போலத் தோன்றும். ஃபீல் நோ பெயின் கூட இருந்தால் நீங்கும் ஒவ்வொரு கார்டுக்கும் 3 பிளாக். டார்க் எம்பிரேஸும் சேர்ந்தால் நீங்கும் ஒவ்வொரு கார்டுக்கும் புதிதாக ஒரு கார்டு. மூன்றும் ஒரே சண்டையில் வேலை செய்யத் தொடங்கும்போது நீங்கள் கார்டை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருப்பீர்கள், பிளாக் ஏறிக்கொண்டே போகும். இப்படி ஒரு ரன் அமைந்துவிட்டால் இந்த கேமை விடவே மாட்டீர்கள். ஆனால் மூன்றில் ஒன்று கையில் வந்த பிறகுதான் மற்ற இரண்டையும் தேட வேண்டும்.

மேப்பில் பாதை போடுவது

ஒவ்வொரு ஆக்டிலும் பதினைந்து மாடிகள், அதற்கு மேல் பாஸ். கீழேயிருந்து மேலே போகும் பாதைகள் பிரிந்து சேரும். முதல் அடி வைக்கும் முன் மேப் முழுவதையும் மேலே நகர்த்திப் பாருங்கள். ஒன்பதாம் மாடியில் எந்தப் பாதையில் போனாலும் பெட்டி இருக்கும், உள்ளே ரெலிக். பதினைந்தாம் மாடியில் எல்லாப் பாதையிலும் ஓய்விடம் உண்டு. ஆறாம் மாடிக்குக் கீழே எலைட் வர மாட்டான்.

முதல் மாடிகளில் சாதாரணச் சண்டைகள் உங்களுக்குத் தேவை. முதல் மூன்று சண்டைகளில் எளிதான எதிரிகளே வருவார்கள், அவற்றில்தான் அட்டாக் கார்டு சேரும். அதற்கப்புறம் ஒன்று அல்லது இரண்டு எலைட்டைச் சந்திக்கும் பாதையைத் தேடுங்கள். எலைட்டைத் தவிர்த்துத் தவிர்த்துப் போகும் பாதை பாதுகாப்பானது போலத் தோன்றும். உண்மையில் அது ரெலிக் இல்லாமல் இரண்டாம் ஆக்டுக்குள் நுழையும் பாதை. எலைட்டைக் கொன்றால் ஒரு ரெலிக் நிச்சயம். அந்த எலைட்டுக்கு முன்னால் ஓய்விடம் ஒன்று இருந்தாலோ, நிலைமை மோசமானால் விலகிப் போகக் கிளைப் பாதை இருந்தாலோ இன்னும் நல்லது.

கேள்விக்குறி இட்ட இடங்களில் பெரும்பாலும் ஒரு சின்னக் கதைச் சம்பவம் வரும். சில சமயம் சண்டை, கடை, பெட்டியும் வரலாம். சம்பவங்களில் ஒவ்வொரு தேர்வின் பலனும் பெரும்பாலும் எழுதியே இருக்கும், படித்துவிட்டு எடுங்கள். சாபக் கார்டு டெக்கில் சேரும் என்று இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

முதல் ஆக்டின் மூன்று எலைட்கள்

கிரெம்லின் நாப்தான் புதியவர்களை அதிகம் கொல்பவன் என்று நினைக்கிறேன். ஹெல்த் 82 முதல் 86. முதல் டர்னில் கத்துவான், அப்புறம் நீங்கள் ஒவ்வொரு ஸ்கில் கார்டு போடும்போதும் அவனுக்கு 2 ஸ்ட்ரெங்த் கூடும். டிஃபெண்ட் ஒரு ஸ்கில். அதாவது தடுக்கத் தடுக்க அவன் வலுப்பான். இவனிடம் ஒரே வழி, அடித்து முடிப்பது. முதல் மாடிகளில் அட்டாக் எடுங்கள் என்று சொன்னதற்கு இவன்தான் காரணம். கத்தும் அந்த முதல் டர்னில் அவன் அடிக்க மாட்டான், முழு எனர்ஜியையும் அடிக்கே கொடுங்கள்.

லகாவுலின் தூங்கிக்கொண்டிருப்பான். நீங்கள் எழுப்பாவிட்டால் மூன்று டர்ன் தூங்குவான். தூங்கும்போது ஒவ்வொரு டர்னும் 8 பிளாக் சேரும். பவர் கார்டுகள் இருந்தால் இந்த டர்ன்களில் போட்டுவிடுங்கள். எழுந்த பிறகு 18 அடி அடிப்பான், இடையிடையே உங்கள் ஸ்ட்ரெங்த்தையும், பிளாக்கைக் கூட்டும் டெக்ஸ்டெரிட்டியையும் குறைப்பான். சண்டையை இழுத்தால் உங்கள் அடியும் பிளாக்கும் தேய்ந்துகொண்டே போகும்.

மூன்று சென்ட்ரிகள் சேர்ந்து வருவார்கள், உபயோகமில்லாத கார்டுகளை உங்கள் குவியலில் திணிப்பார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு ஆர்ட்டிஃபாக்ட் இருக்கும், உங்கள் முதல் வல்னரபிளை அது விழுங்கிவிடும். ஒருவனைச் சீக்கிரம் சாய்த்துவிட்டால் சண்டை பாதி முடிந்த மாதிரி.

போஷன்களை, அதாவது ஒருமுறை மட்டும் பயன்படும் மருந்துகளை, எலைட்டிடம் செலவழியுங்கள். மூன்று இடம்தான் இருக்கிறது, நிரம்பிவிட்டால் அடுத்தது கிடைத்தாலும் வைக்க முடியாது. கடைசி பாஸ் வரை பத்திரமாக வைத்திருந்து அதற்கு முன்பே செத்துப்போவதில் என்ன லாபம்?

ஓய்விடமும் கடையும்

ஓய்விடத்தில் இரண்டு தேர்வு. தூங்கினால் மொத்த ஹெல்த்தில் 30 சதவீதம் திரும்பும், அயன்கிளாடுக்கு 24. இல்லையென்றால் ஒரு கார்டை மேம்படுத்தலாம், அது ரன் முழுக்க நிலைக்கும். அடுத்த ஓய்விடம் வரை உயிரோடு போய்ச் சேர முடியும் என்றால் மேம்படுத்துங்கள். முதல் மேம்பாடு பாஷுக்குக் கொடுப்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். 10 அடி, 3 டர்ன் வல்னரபிள் ஆகிவிடும்.

கடையில் புதுக் கார்டுகளைவிட அங்கே இருக்கும் கார்டு நீக்கும் சேவையைத்தான் முதலில் பாருங்கள். முதல்முறை 75 கோல்ட், ஒவ்வொரு முறையும் 25 கூடும். சாபம் இருந்தால் அதை நீக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு ஸ்ட்ரைக்கை. காசு கொடுத்து டெக்கைச் சிறிதாக்குவதா என்று தோன்றும். மேலே பார்த்த கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள், நல்ல கார்டு சீக்கிரம் கைக்கு வரும்.

பாஸ் யார் என்று தெரிந்துகொண்டு ஆடுவது

முதல் ஆக்டில் மூவரில் ஒருவர். யார் என்பது மேப்பின் உச்சியில் படமாகவே இருக்கும்.

ஸ்லைம் பாஸுக்கு 140 ஹெல்த். பாதிக்கு வந்ததும் இரண்டாகப் பிரிவான், பிரியும்போது மிச்சம் எவ்வளவு ஹெல்த்தோ அவ்வளவு இரண்டு துண்டுக்கும் தனித்தனியாக உண்டு. 70இல் பிரித்தால் எதிரே இரண்டு 70. அதனால் 75 பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, அடுத்த டர்னில் கையில் உள்ள மிகப் பெரிய அடியை வையுங்கள். 45இல் பிரிந்தால் வேலை எவ்வளவு குறைகிறது பாருங்கள். மூன்றாம் டர்னில் அவன் 35 அடி அடிப்பான். அந்த டர்னில் நீங்கள் அவனைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்தால் அடி ரத்தாகிப் பிரிந்துவிடுவான்.

கார்டியனுக்கு 240. தொடக்கத்தில் 30 அடி வாங்கியதும் சுருண்டு தற்காப்புக்குப் போவான். அந்த நிலையில் நீங்கள் போடும் ஒவ்வொரு அட்டாக் கார்டுக்கும் உங்களுக்கு 3 அடி திரும்பும். இரண்டாம் டர்னில் 32 அடி அடிக்கத் தயாராவான், அதற்குள் 30 அடி கொடுத்துவிட்டால் அந்த அடி விழாது.

ஹெக்ஸாகோஸ்ட் முதல் டர்னில் ஒன்றும் செய்யாது. இரண்டாம் டர்னில் ஆறு முறை அடிக்கும், ஒவ்வொரு அடியும் உங்கள் ஹெல்த்தைப் பன்னிரண்டால் வகுத்து ஒன்று கூட்டியது. 80 ஹெல்த்தோடு போனால் மொத்தம் 42, 40 ஹெல்த்தோடு போனால் 24. ஆக, இதற்கு முன்னால் இருக்கும் ஓய்விடத்தில் தூங்குவதைவிடக் கார்டை மேம்படுத்துவது பல சமயம் நல்லது. பாஸின் பெயர் முன்கூட்டியே தெரிவது எவ்வளவு உதவி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பாஸைக் கொன்று அடுத்த ஆக்டுக்குள் போகும்போது, தொடக்கநிலையில் ஹெல்த் முழுதாக நிரம்பிவிடும். எனவே பாஸிடம் ஒரே ஒரு ஹெல்த்தோடு ஜெயித்தாலும் நஷ்டம் இல்லை.

பாஸ் தரும் மூன்று ரெலிக்குகளில் ஒன்றை எடுக்கலாம். பலவும் ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு எனர்ஜி கூடுதலாகக் கொடுத்து, பதிலுக்கு எதையாவது பறிக்கும். காஃபி டிரிப்பர் எடுத்தால் ஓய்விடத்தில் தூங்க முடியாது. ஃப்யூஷன் ஹேமர் எடுத்தால் கார்டை மேம்படுத்த முடியாது. சோஸு எடுத்தால் போஷன் கிடைக்காது. மூன்று எனர்ஜி நான்காவது பெரிய விஷயம், இழப்பைத் தாங்க முடிந்தால் எடுங்கள். ரூனிக் டோம் மட்டும் பழகும் வரை வேண்டாம். எதிரியின் நோக்கத்தை அது மறைத்துவிடும், நாம் இதுவரை நம்பி ஆடியதே அந்த நோக்கத்தைத்தான்.

இரண்டாம் ஆக்டும் அதற்கு மேலும்

இரண்டாம் ஆக்டில் எதிரிகளின் அடி திடீரென்று கனக்கும். மூன்று பறவைகள் சேர்ந்து வந்து கொத்தும், ஸ்லேவர்கள் மூவராக வருவார்கள். முதல் ஆக்டில் போதுமாக இருந்த பிளாக் இங்கே போதாது. முதல் ஆக்டில் அட்டாக் தேடினீர்கள், இங்கே நல்ல பிளாக் கார்டையும் எல்லாரையும் அடிக்கும் கார்டையும் தேடுங்கள். பாதையிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். டெக் தயாராக இல்லை என்றால் இங்கே எலைட்டைத் தவிர்ப்பதில் தப்பில்லை. பாஸாக சாம்ப் வந்தால், பாதி ஹெல்த்துக்குக் கீழே போனதும் அவன் மேல் நீங்கள் போட்ட பலவீனங்களை எல்லாம் உதறிவிட்டுப் பயங்கரமாக அடிப்பான். பாதிக்கு மேலேயே நிறுத்தி, உங்கள் பவர்களையெல்லாம் போட்டுத் தயாரான பிறகு கீழே இறக்குங்கள்.

மூன்றாம் ஆக்டில் டைம் ஈட்டர் நீங்கள் பன்னிரண்டு கார்டு போட்டதும் டர்னையே முடித்துவிடும். சின்னச் சின்ன கார்டுகளை அடுக்கி ஆடும் டெக்குக்கு அது கஷ்டம். அவேக்கன்ட் ஒன் நீங்கள் பவர் போடப் போட வலுக்கும், ஒருமுறை செத்த பிறகு மறுபடி எழும். டோனுவும் டெகாவும் ஜோடியாக வருவார்கள். இங்கேயும் மேப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற கார்டை எடுப்பதுதான் வேலை.

செத்த பிறகு

ஒவ்வொரு ரன் முடிவிலும் புள்ளிகள் சேர்ந்து புதுக் கார்டுகளும் ரெலிக்குகளும் திறக்கும், தோற்ற ரனும் வீணாகாது. கேமிலேயே பழைய ரன்களின் பதிவு இருக்கிறது. எந்த மாடியில் எவ்வளவு ஹெல்த் போனது, எந்த மூன்று கார்டில் எதை எடுத்தீர்கள் என்றெல்லாம் அதில் தெரியும். கடைசிச் சண்டையை மட்டும் பார்க்காமல், ஹெல்த் பெரிதாகக் குறைந்த மாடியைத் தேடுங்கள். அங்கே எது இல்லாமல் போயிற்று, அதற்கு முன்னால் எந்தத் திரையில் அதை விட்டோம் என்று பின்னோக்கிப் போனால் காரணம் பெரும்பாலும் ஐந்தாறு மாடி கீழேதான் இருக்கும்.

ஆட ஆட மற்ற வீரர்களும் வரிசையாகத் திறப்பார்கள். சைலன்ட் விஷத்தாலும் சின்னக் கத்திகளாலும் கொல்பவள், ஹெல்த் 70 தான் என்பதால் பிளாக் போடக் கற்றுத்தருவாள். டிஃபெக்ட் மின்னல், பனி உருண்டைகளைச் சுற்றி வைத்து ஆடும் இயந்திரம். 2020 ஜனவரியில் சேர்ந்த வாட்சர் கோப நிலைக்குப் போனால் கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் இரட்டிப்பு, எதிரியின் நோக்கத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் அவளோடு சீக்கிரம் செத்துப்போவார்கள். முதல் மூவரோடும் மூன்றாம் ஆக்டை முடித்துவிட்டால் மேப்பில் மூன்று சாவிகள் தேடக் கிடைக்கும். மூன்றையும் எடுத்துக்கொண்டு போனால் நான்காம் ஆக்டில் 750 ஹெல்த்தோடு ஹார்ட் என்ற கடைசி பாஸ் காத்திருக்கும்.

ஒரு வீரனோடு ஜெயித்ததும் அவனுக்கு அசென்ஷன் திறக்கும், ஒன்றைவிட ஒன்று கடினமான மொத்தம் இருபது நிலைகள். முதல் நிலையில் மேப்பில் எலைட்கள் கூடுதலாக வருவார்கள், மற்றதெல்லாம் அப்படியேதான். எலைட்டைத் தேடிப்போகப் பழகியவருக்கு ரெலிக்கும் கூடுதலாகவே கிடைக்கும் என்பதால், ஜெயித்த கையோடு அதைத் திறந்து ஆடிப் பாருங்கள்.